மூஞ்சியைக் காட்டிப் பேசு

செம்மேட்டுக் கடைவீதியில் அந்த அக்காவிடம் திட்டு வாங்காமல் சிடி வாங்கிப் போனவர் ஒருவரும் இல்லை. நான் முதல்முறை போனபோது, கடைக்குள் நுழைந்ததும் சுவரில் ஒட்டியிருந்த சினிமா நோட்டீஸ்களைப் பார்த்துக்கொண்டே, இங்கே சிடி சரி பண்ணித் தருவார்களாமே என்று கேட்டேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்டேன். மேசைமேல் எதையோ ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"சொவத்துக்கிட்ட என்ன கேக்கற? சொவரா சிடி சரி பண்ணுது? மூஞ்சியைக் காட்டிப் பேசு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். ராசிபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். இனி எவனையும் நம்மை ஒருமையில் பேச விடக் கூடாது என்ற நினைப்பைச் சட்டைப் பையில் பேனாவைப் போலச் செருகிக்கொண்டு திரிந்த காலம். ஆனால் அவர் என் கோபத்தைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சொல் எப்போது வரும் என்று, பஸ் வரும் திருப்பத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்று சொல்வார்கள். பேச்சை வாயைப் பார்த்துத்தான் பிடிப்பார். வாயசைவும் காதில் விழும் அந்தக் கொஞ்சமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அவருக்குச் சொல் கிடைக்கும். ஒன்று முன்னே போய் இன்னொன்று பின்னே வந்தால் அவருக்குத் தலை கிறுகிறுத்துவிடும். காதுக்கு வைக்கும் கருவி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. கரகரவென்று தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கிறது என்று அதையும் திட்டிவிட்டுப் போட்டிருந்தார். கடைவீதியில் அவருக்கு முன்னால் எல்லோரும் சிடி அக்கா என்பார்கள். முதுகுப் பக்கம் வேறு பெயர். முதுகுப் பக்கம் சொன்னால் அவருக்குத் தெரியாது என்ற தைரியம்.

ஆள் எங்கள் மலைக்காரர் இல்லை. மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கம் சொந்தத் தோட்டங்காடு உள்ள குடும்பத்தில் பிறந்தவர். கீழே ஏதோ ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார் என்றும், முதலாளியை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டுவிட்டு வந்தார் என்றும், கேள்வி கேட்கவில்லை, ஸ்டூலைத் தூக்கி அடித்தார் என்றும் சொல்வார்கள். எது நிஜம் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. எதற்கு மலை ஏறினார் என்பதற்கு மட்டும் அவரே ஒருமுறை பதில் சொன்னார். "கீழ பண்ணுன கந்தலையெல்லாம் மேலதான கொண்டாந்து தள்றானுங்க. அதான் வந்தேன்."

கந்தல் என்று அவர் சொன்னது கல்யாண சிடிகளை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் மலையில் சிடி பிளேயர் இல்லாத ஊர் குறைந்துபோயிற்று. மிளகு விற்ற கையோடு ஒன்று வாங்கி வந்துவிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் கீழ்நாட்டிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் வேனில் வந்து எடுத்துப் போவார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சிடி வரும். போட்டுப் பார்த்தால் தாலி கட்டி முடிந்த பிறகு கெட்டிமேளம் கேட்கும். மாமியார் வாயை மூடிய பிறகு மாமியார் பேசுவார்.

அது ஏன் அப்படி ஆகிறது என்று, லீவு நாளெல்லாம் அந்தக் கடையிலேயே போய் உட்காரத் தொடங்கிவிட்ட எனக்கு அக்கா ஒருநாள் விளக்கினார். கேசட்டில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, நோஞ்சான் கம்ப்யூட்டராக இருந்தால் மூச்சு வாங்கும். அப்போது படத்தில் அங்கங்கே துண்டு துண்டாக விட்டுவிடும். சத்தத்தை விடாது. விட்ட படமெல்லாம் சேரச் சேரப் படம் முன்னால் ஓடிவிடும், சத்தம் பின்தங்கிவிடும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. போகப் போக இடைவெளி பெருகிக்கொண்டே போகும். "ஒருக்கா உக்காந்து கடைசி வரைக்கும் பாத்திருந்தா எந்த மடையனுக்கும் தெரியும். அவனுங்க பாக்கறதில்ல. மொதப் பாட்டு ஒட்டுதா, சரி, உறையில போடு."

அவர் சரி செய்யும் விதம் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. படத்தையும் சத்தத்தையும் கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பிரித்து வைப்பார். பிறகு இடது உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்துக்கொள்வார். கண் திரையில். மேளக்காரர் குச்சியை ஓங்கி அடிக்கும் இடத்தைத் தேடுவார். குச்சி தோலைத் தொடும் கணமும் உள்ளங்கையில் அதிர்வு வரும் கணமும் சேரும்வரை சத்தத்தை முன்னே இழுத்துக்கொண்டே இருப்பார். சேர்ந்ததும் "ஒட்டிக்கிச்சு" என்பார். உடனே அடுத்த இடம். ஒரு கல்யாணத்தைப் பத்து இருபது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டாக ஒட்டுவார். அந்த நேரத்தில் மட்டும் முகத்தில் கோபம் இருக்காது. ஒட்டி முடித்ததும் திரும்பி வந்துவிடும்.

ஒருமுறை அரியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மனைவி செத்துப்போய்விட்டார். தங்கச்சி கல்யாண சிடியில் மட்டும் அந்த அம்மாள் ஓரிடத்தில் நின்று, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்கிறாள். ஆனால் அவள் சொல்லிவிட்டு நகர்ந்து போன பிறகு, வெறும் வாழைமரத்தின்மேல் அந்தக் குரல் கேட்கிறது. செத்தவள் வந்து பேசுவதுபோல இருப்பதாகப் பிள்ளைகள் அந்த இடம் வந்தால் வெளியே ஓடிவிடுகிறார்களாம். சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்று ஏதோ சொன்னார்.

"அழுதாலும் இங்க பாத்து அழுங்க. துண்டுக்குள்ள சொன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்கு அடித்துவிடலாம் போல இருந்தது. அக்காவோ அன்றைக்கு வேறு எந்த வேலையையும் தொடவில்லை. அந்த அம்மாளின் ஒரு வரியை அவளுடைய வாயில் கொண்டுபோய் வைக்கும்வரை கடையில் யாரையும் பேச விடவில்லை. வாங்கிப் போனவர் மறுவாரம் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கடையின் வழியில் வைத்ததற்காக அவருக்கும் திட்டு விழுந்தது.

இன்னொரு நாள். ஒரு பெண்ணின் கல்யாண சிடி முழுவதும் குட்டிச்சுவராக இருந்தது. உறையில் இருந்த ஸ்டுடியோ பேரைப் பார்த்ததும் அக்கா எழுந்து, என்னையும் வா என்று கூட்டிக்கொண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். போனில் அவரால் பேச முடியும், கேட்க முடியாது. அவர் பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டுவார். நான் கேட்டு, வாயை நன்றாகத் திறந்து அவருக்குச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோக்காரர் முதலில் கேசட் சரியில்லை என்றார். பிறகு கரண்ட் என்றார். அதையெல்லாம் சொன்னேன். அப்புறம் அவர் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சொல்லவில்லை.

"என்ன சொன்னான்?"

"லைன் சரியில்லீங்க்கா."

"உம் மூஞ்சி சரியாத்தான் இருக்குது. அவன் வாயில இருந்து வந்தத அப்படியே சொல்லு. நீ மெழுகாத."

சொன்னேன். மேலே இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியப்போகிறது, கலர் தெரிகிறதா, டான்ஸ் ஆடுகிறார்களா, மலைக்காரனுக்கு இது போதாதா என்று அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.  அக்கா ரிசீவரை வாங்கி அதில் பேசினார்.

"நீ எங்கிட்டப் பேசறதா நெனச்சுக்கிட்டுப் பேசிட்ட. கேட்டது மலைக்காரன் காது. எனக்குக் காது இல்லாததால அவன் கேக்க வேண்டியதாப் போச்சு. இங்கதான் நிக்கறான். இப்ப சொல்லு அவங்கிட்ட."

ரிசீவரை என் கையில் திணித்தார்.  அந்தப் பக்கம் லைன் துண்டாயிற்று. வெளியே வரும்போது அக்கா என்னையும் விடவில்லை. எனக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நீயே முடிவு பண்ணி என்னிடம் மறைத்தால், அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். இந்த மனுஷி யார் பக்கம் என்றே எனக்கு அன்று விளங்கவில்லை.

மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் ஊர் பெரக்கரை நாட்டில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மலை விளிம்பில் பாயை விரித்ததுபோல ஒரு பெரிய பாறை. பாறைக்களம் என்போம். சாமை அடிப்பது, கேழ்வரகு போரடிப்பது, குச்சிக்கிழங்கு வற்றல், மிளகு காயப்போடுவது எல்லாம் அங்கேதான். எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை, எல்லாக் குடும்பத்துக்கும் சொந்தம். அங்கே நின்று பார்த்தால் கீழே ஏரியும் வயலும் தெரியும். அதுதான் வினையாகிவிட்டது. கீழ்நாட்டிலிருந்து பணக்காரர் ஒருவர் அந்த இடத்தில் டூரிஸ்டுகளுக்குத் தங்கும் விடுதி கட்டக் கேட்டார். ஊர்க்காரர்களின் சம்மதம் வேண்டுமென்று ஓர் அதிகாரி வந்து கூட்டம் போட்டார். சாட்சிக்கு வீடியோவும் எடுத்தார்கள்.

அன்று நான் காலேஜில் இருந்தேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னபோது ஒருத்தரும் தூக்கவில்லை, இல்லாதவர்கள் தூக்கச் சொன்னபோது ஊரே தூக்கியது, முதல் கை என் கைதான் என்று அப்பா சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஓர் அதிகாரிக்கு முன்னால் முதல் ஆளாகக் கை தூக்கியதைச் சாப்பிடும்போதும் தூக்கிக் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்துப் பாறையை அளக்க ஆள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் மறித்தார்கள். நீங்களே கை தூக்கிக் கொடுத்துவிட்டு இப்போது மறிக்கிறீர்களா என்று கேட்டு, ஒரு சிடியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஊர்த் தலைவரை ஊர்க் கவுண்டர் என்போம். அவர் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். நானும் இருந்தேன். அதிகாரியின் குரல் தெளிவாகக் கேட்கிறது. "இதுக்குச் சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க." படத்தில் ஊரே கை தூக்குகிறது. முதலில் எழுவது என் அப்பாவின் கை. நாலைந்து பெண்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். பிறகு, சம்மதம் இல்லாதவர்கள் தூக்குங்கள் என்று குரல் கேட்கிறது. படத்தில் எல்லோரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

 படம் முடிந்ததும் பேசியதெல்லாம் ஒருவரை ஒருவர். நீ தூக்கினாய், உன்னைப் பார்த்துத்தான் நான் தூக்கினேன், உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் தூக்கிய கை அப்பாவுடையது. எல்லாப் பேச்சும் அங்கே வந்து நின்றது. எனக்கு இன்றும் நெஞ்சு எரிவது அவர்கள் பேசியதற்காக அல்ல. அப்பா சொன்னதற்காக.

"டிவியில தெரியுதே கண்ணு. அவரு என்ன கேட்டாருன்னு வெளங்காம நாந்தான் முந்திரிக்கொட்டையாட்டத் தூக்கிப்போட்டனாட்ட இருக்குது."

இரண்டு மாதமாக எல்லோரிடமும் தூக்கிக் காட்டிய கையை, ஒரு தகட்டைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டார். அவர் மட்டுமில்லை, ஊரில் அத்தனை பேரும். எதற்குக் கை தூக்கினோம் என்பது அவரவருக்குத் தெரியும். ஆனால் கீழேயிருந்து வந்தது தப்பாக இருக்காது, நாம்தான் தப்பாக இருப்போம் என்று எங்களுக்கு யாரோ வெகுகாலமாகப் பழக்கிவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா பாறைக்களத்துக்குப் போகவில்லை. அந்த வருஷச் சாமையை வீட்டு வாசலில் சாணி மெழுகி அடித்தார். யாராவது எதிரே வந்தால் வலது கையை இடது கக்கத்தில் செருகிக்கொள்வார். குளிருக்குச் செருகுவதுபோல இருக்கும். குளிர் இல்லை.

தாலிக்குப் பிறகு கேட்கும் கெட்டிமேளம் நினைவுக்கு வந்து, நான் அந்தச் சிடியை எடுத்துக்கொண்டு செம்மேட்டுக்குப் போனேன்.

அக்கா முதலில் சத்தமே இல்லாமல் பார்த்தார். பிறகு உள்ளங்கையை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் அதிகாரி மைக்கை விரலால் தட்டுகிறார். அதே கணத்தில் அக்காவின் கை அதிர்கிறது. சரி. பாதியில் ஒரு பையன் தகர நாற்காலியைக் கீழே தள்ளுகிறான். அக்காவின் கண் என்னிடம் திரும்பிவிட்டது, நாற்காலியை நிமிர்த்திப் போட்டும் விட்டார்கள், அதற்குப் பிறகுதான் உள்ளங்கையில் அடி விழுந்தது. அவருடைய மூக்கு விடைத்தது. கை தூக்கும் இடம் வந்ததும் நிறுத்தினார்.

"இதுல மொதல்ல தூக்கறது யாரு?"

"எங்கப்பாங்க்கா."

"உங்கப்பன் சரியாத்தான் தூக்கியிருக்காரு. சத்தந்தான் இன்னும் வந்து சேரல."

இரண்டாவது கேள்விக்குத் தூக்கிய கைகள் முன்னால் ஓடிவந்து, முதல் கேள்விக்கு அடியில் நின்றுகொண்டிருந்தன. இரண்டு கேள்விக்கும் நடுவே அரை நிமிஷம்கூட இல்லை. இரண்டு மணிநேரக் கூட்டத்தில் நோஞ்சான் கம்ப்யூட்டர் தின்ற படமெல்லாம் சேர்ந்து அந்த அரை நிமிஷத்தை விழுங்கியிருந்தது. சிடியின் முகப்பில் ஸ்டுடியோ பேர் பூப்போட்டு எழுதியிருந்தது. போனில் சிரித்தாரே, அவருடையதுதான். யாரும் சதி செய்யவில்லை. கடைசிவரை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். சதி செய்திருந்தாலாவது எங்களை ஒரு பொருட்டாக நினைத்தார்கள் என்று இருந்திருக்கும்.

அக்கா அதை ஒட்டி முடித்ததும் எங்கள் ஊருக்கு என்னோடு பஸ் ஏறி வந்தார். அதே வீட்டில், அதே டிவியில் போட்டார். முதல் கேள்விக்கு ஒரு கையும் எழவில்லை. இரண்டாவதற்கு அப்பாவின் கை எழுந்தது. ஊர் எழுந்தது. உடனே ஆளாளுக்கு, எங்களுக்கு அப்போதே தெரியும் என்று சொல்லத் தொடங்கினார்கள். அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தெரியுமுங்களா? தெரிஞ்சா அப்பறம் எதுக்கு டிவிகிட்டப் போயிக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? உங்க கை உங்ககிட்டத்தான இருந்தது? இந்த மனுசனை என்னென்ன பேசுனீங்கன்னு இந்தக் காலேஜு சொன்னான். அதையும் இவரு மூஞ்சியப் பாத்து ஒருக்கா சொல்லுங்க, கேப்போம்."

 அப்பாதான் சங்கடப்பட்டு, உட்காருங்கம்மா, காப்பி குடிங்கம்மா என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்கும் அவருக்குத் திட்டுக் கிடைத்தது.

அதிகாரியின் அலுவலகத்துக்கு அப்பா, ஊர்க் கவுண்டர், அக்கா, நான் நாலு பேரும் போனோம். சரி செய்த சிடியை நான் கொடுத்து, எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி ஃபைலைப் பார்த்தபடியே பேசினார். இது நீங்களாகத் திருத்திய சிடி, எங்களிடம் இருப்பது ஒரிஜினல், திருத்தியதைச் சாட்சியாக ஏற்க முடியாது என்றார்.  கோணலாக வந்ததுதான் ஒரிஜினலாம். நிமிர்த்தினால் மோசடியாம். 

அக்கா என் தோளைத் தட்டி, என்ன சொன்னார் என்று கேட்டார். மெழுகாமல் சொன்னேன்.

"சரி. நம்முது வேண்டாம். அவங்க ஒரிஜினலையே போடச் சொல்லு."

மேசை ஓரத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. குமாஸ்தா அதில் போட்டார். அக்கா கை தூக்கும் இடத்துக்குப் போகவில்லை. அதற்குக் கொஞ்சம் முந்திய ஓர் இடத்தில் ஓட விட்டார். படத்தில் அதிகாரி அண்ணாந்து சொம்பில் தண்ணீர் குடிக்கிறார். தொண்டை ஏறி இறங்குகிறது. அதே நேரத்தில் அவருடைய குரல், இந்த விடுதி வந்தால் ஊரில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று மூச்சு விடாமல் பேசுகிறது. குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இது உங்க ஒரிஜினல்தானுங்களே?" என்று அக்கா கேட்டார். "தண்ணி குடிச்சுக்கிட்டே பேசறீங்க. எங்க ஊர்ப் பக்கம் யாருக்கும் அப்படி வராதுங்க."

பிறகு கை தூக்கும் இடம். ஊர் நடுவே அதிகாரி நிற்கிறார். விரலை நீட்டிக் கைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். உதடு இறுக மூடியிருக்கிறது. குரல் மட்டும் சம்மதம் உள்ளவர்களைக் கை தூக்கச் சொல்கிறது. அக்கா அங்கே நிறுத்தி, திரையில் மூடியிருந்த அந்த வாயின்மேல் விரலை வைத்தார்.

"உங்க வாய் மூடியிருக்குதுங்க. அப்ப சம்மதமான்னு கேட்டது யாருங்க?"

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மூஞ்சியைக் காட்டிப் பேசுங்க."

அந்த அறையில் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஊர்க் கவுண்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி திரும்பினார். அக்காவைப் பார்த்தார். கூட்டத்தை மறுபடி போடுவதாகச் சொன்னார். அக்கா அந்த வாயை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். தப்பு நடந்துவிட்டது என்று அதிகாரி சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகியும் யாரும் சொல்லவில்லை. எங்கள் அப்பா கையை ஒளித்துக்கொண்டு திரிந்ததற்கு இந்த உலகத்தில் பொறுப்பான ஆள் ஒருவரும் இல்லை.

பாறைக்களத்தில் போட்ட இரண்டாவது கூட்டத்துக்கு அக்கா கூப்பிடாமலே வந்தார். கேமராக்காரர் புது ஆள். அதிகாரி மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் அக்கா கேமராவுக்கு எதிரே போய் நின்றுகொண்டு, ஊர் மொத்தத்தையும் ஒரே ஒருமுறை சேர்ந்து கை தட்டச் சொன்னார். கை சேர்வது படத்தில் தெரியும், சத்தம் காதில் கேட்கும், இரண்டும் ஒட்டவில்லை என்றால் எந்தக் குழந்தைக்கும் தெரிந்துவிடும் என்றார். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் ஒரு தட்டு. அதிகாரிக்கு எரிச்சலாக இருந்தது. கடைசிக் கேள்விக்கு முன்னால் ஊர் தட்டிய தட்டில் பாறைக்களத்து எதிரொலி திரும்பி வந்தது. பிறகு கை தூக்கினார்கள். முதல் கை யாருடையது என்று பார்க்க நான் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை, அப்பா எனக்கு முன்னால்தான் நின்றார்.

பாறை எங்களிடமே இருக்கிறது. அக்கா இல்லை. கல்யாணத்தை ஆளாளுக்குப் போனில் பிடித்துக்கொள்ளும் காலம் வந்ததும் கடைக்கு ஆள் வருவது நின்றது. ஒருநாள் போனபோது அங்கே வேறு யாரோ பழக்கடை வைத்திருந்தார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ஈரோட்டில் என்று இன்னொருவர். அவருடைய போன் நம்பர் யாரிடமும் இல்லை. போனில் கேட்க முடியாதவருக்கு யார் நம்பர் கேட்பார்கள்.

என் கல்யாணத்துக்குக் கீழேயிருந்து வீடியோ எடுக்க வந்திருந்தார்கள். தாலி எடுக்கும் நேரம். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேமராவுக்கு எதிரே போய் நின்றார். எங்கள் ஊரில் இப்போது இது வழக்கம். யாரும் ஆச்சரியப்படவில்லை, மேளக்காரர்கூட நிறுத்திக்கொண்டார். அப்பா முகத்தை நேராகக் காட்டி, கையை ஓங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கல்யாண வீட்டுக் கைதட்டல் மாதிரி இல்லை. யாரையோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீடியோக்காரப் பையன் திடுக்கிட்டு, எதற்கு இது என்று கேட்டான்.

"எங்க கை எப்பத் தூக்குனதுன்னு உங்களுக்குத் தெரியோணுமில்லீங்க தம்பி" என்றார் அப்பா, அவன் முகத்தைப் பார்த்து.